முறுக்கு மாவு பிசையும் பேசின்

என் கணவர் தான் குடித்த காபி டம்ளரைத் தானே கழுவி வைத்து நான் பார்த்ததில்லை. கல்யாணமான நாளிலிருந்து பார்த்ததில்லை. அரசுப் பள்ளித் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். பள்ளியில் அவர் நாற்காலியை விட்டு எழுந்தால் வராந்தா முழுக்க அடங்கிப்போகும் என்று அவரே பெருமையாகச் சொல்லிக்கொள்வார். வீட்டிலும் அதே நாற்காலிதான். தண்ணீர் என்றால் தண்ணீர் வர வேண்டும், மாத்திரை என்றால் மாத்திரை வர வேண்டும். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். கை ஓங்கியதில்லை, குடித்ததில்லை, ஞாயிற்றுக்கிழமைப் பூசையைத் தவறவிட்டதில்லை. ஆனால் குனிந்ததில்லை. கீழே விழுந்த பேனாவைக்கூட யாராவது எடுத்துக் கொடுக்கும்வரை அதையே பார்த்துக்கொண்டு நிற்பார்.

அதனால்தான் ஒரு நாள் காலையில் என் பெரிய எவர்சில்வர் பேசின் பளபளவென்று தேய்த்துக் கழுவி அடுப்படி மேடையில் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்ததைப் பார்த்ததும் எனக்குச் சந்தேகம் வந்தது. நான் கழுவவில்லை. வேலைக்கு ஆள் வைத்துக்கொள்ளும் வீடும் இல்லை எங்களுடையது. மகள் பெங்களூரில் இருக்கிறாள். அப்படியானால் கழுவியது யார்? பேசினை மூக்கருகே கொண்டுபோனேன். ஆஸ்பத்திரி வாசனை அடித்தது.

அந்த பேசினில்தான் நான் கிறிஸ்துமஸுக்கு முறுக்கு மாவு பிசைவேன். அண்ணாமலையார் மலைக்குப் பக்கத்து வேங்கிக்காலில், எங்கள் தெருவில் கிறிஸ்தவ வீடு எங்களுடையது ஒன்றுதான். டிசம்பரில் எல்லா வீட்டுக்கும் தட்டு போகும், தீபாவளிக்கு எல்லா வீட்டிலிருந்தும் தட்டு வரும். அத்தனை முறுக்கும் அந்த பேசினில் பிறந்தவை. அதை எடுத்து யாரோ எதற்கோ பயன்படுத்தியிருக்கிறார்கள், அதுவும் தேய்த்துக் கழுவுகிற அளவுக்கு எதற்கோ. கேட்டேன். செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமல், தூசியாக இருந்ததால் கழுவி வைத்ததாகச் சொன்னார். பொய் சொல்லவும் ஒரு பழக்கம் வேண்டும். அவருக்கு அது கிடையாது.

நான் பத்திரப் பதிவு அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவள். தான செட்டில்மெண்ட் பத்திரம் என்று எழுதிக்கொண்டு வருவார்கள். அப்பா மகனுக்கு வீட்டை எழுதி வைப்பார், அத்தை மருமகனுக்கு நிலத்தை எழுதி வைப்பாள். ‘அன்பினாலும் பிரியத்தினாலும்’ கொடுப்பதாக அதில் ஒரு வரி கட்டாயம் இருக்கும். அந்த வரி வந்ததும் நான் நிமிர்ந்து முகங்களைப் பார்ப்பேன். கையெழுத்துப் போடும் அப்பா குனிந்திருப்பார். வாங்கிக்கொள்ளும் மகன் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பான். கொஞ்சம் தள்ளி வேப்பமரத்தடியில் இன்னொரு மகள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நிற்பாள். இதையே பார்த்துப் பார்த்து, யாராவது யாருக்காவது எதையாவது சும்மா செய்கிறார்கள் என்றால் பின்னால் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்ப்பது எனக்குப் பழகிவிட்டது. ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பழக்கம் ஓய்வு பெறவில்லை.

அதனால் ஆராய்ந்தேன். பேசின் மாதம் ஒரு முறை காணாமல் போகிறது. அன்றைக்கு மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் இவர், நாலைந்து தெருக் கிறிஸ்தவக் குடும்பங்கள் கூடும் அன்பியக் கூட்டம் இருக்கிறது, செபம் இருக்கிறது என்று ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்புகிறார். இருட்டிக் கொஞ்ச நேரத்தில் திரும்புகிறார். வந்ததும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு படுத்துவிடுகிறார். எந்த அன்பியக் கூட்டத்தில் இடுப்பு பிடித்துக்கொள்கிறது? நாட்காட்டியைப் பார்த்தேன். எல்லாமே பௌர்ணமி நாள். ஊரே கிரிவலத்துக்குத் திரண்டு, பஸ்ஸில் கால் வைக்க இடமில்லாத நாளில் எங்கள் கோயில் பங்கில் யாரும் கூட்டம் வைக்க மாட்டார்கள். சந்தைக்குப் போகவே யோசிப்போம்.

பெண் விஷயமா என்று முதலில் யோசித்தேன். இந்த வயதிலா என்று சிரிப்பு வந்தது. பிறகு, ஏன், இந்த வயதில்தான் என்று பத்திர அலுவலகத்து அனுபவம் சொன்னது. அவர் பையைச் சோதித்தேன். பஞ்சு, கட்டுத் துணி, தேங்காய் எண்ணெய், ஒரு களிம்பு, இரண்டு பழைய துண்டு, முகக் கவசம். கொரோனா போய் எத்தனையோ காலம் ஆகிறது, இவருக்கு எதற்கு முகக் கவசம்? பெண் விஷயத்துக்கு யாரும் பஞ்சு கொண்டுபோவதில்லை. சந்தேகம் தீரவில்லை, இடம் மாறி உட்கார்ந்துகொண்டது.

இதே சமயத்தில் எனக்கென்று ஒரு சங்கடம் இருந்தது. என் வலது பாதத்தின் அடியில், பெருவிரலுக்குக் கீழே, ஒரு புண். புதுச் செருப்பு கடித்தது. எனக்குச் சர்க்கரை உண்டு. கடித்தது தெரியவே இல்லை. வீடு துடைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது தரையில் ஈரக் கறை ஒன்று என் கூடவே வந்திருந்தது, அப்படித்தான் தெரிந்தது. டாக்டரம்மாவிடம் போனேன். வலிக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றேன் சந்தோஷமாக. அவர் முகம் மாறியது. காலுக்கு உணர்ச்சி போய்விட்டது, வலிக்கவில்லை என்பதுதான் ஆபத்து என்றார். தினமும் கழுவி, ஆழம் பார்த்து, கட்டு மாற்ற வேண்டும். உங்கள் கால் அடியை நீங்களே பார்க்க முடியாது, வீட்டில் ஒருவர் தினமும் பார்க்க வேண்டும், விட்டால் விரலை எடுக்க வேண்டிவரும், அதோடு நிற்குமா என்பதும் நம் கையில் இல்லை என்று பொறுமையாகச் சொன்னார்.

வீட்டில் ஒருவர் என்றால் அவர்தான். அன்று சாயங்காலம் சொல்லிப் பார்த்தேன். கால்ல செருப்பு கடிச்சிருக்கு என்றுதான் ஆரம்பித்தேன். பாத்து வாங்கக் கூடாதா என்று சொல்லிவிட்டு டிவியில் செய்தியைக் கூட்டி வைத்தார். அவ்வளவுதான். அதற்கு மேல் கேட்க எனக்கு வாய் வரவில்லை. ஒருவரிடம் போய், என் காலைக் கொஞ்சம் பாருங்கள் என்று சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். நான் செய்து பழகியவள். எனக்குச் செய் என்று கேட்டுப் பழகவில்லை. முகம் பார்க்கும் கண்ணாடியைத் தரையில் போட்டு, முட்டி மடங்காமல், நானே எதையோ துடைத்து எதையோ கட்டிக்கொண்டேன். நாள் போகப் போகக் கட்டுத் துணியில் ஈரம் ஜாஸ்தியானது. வாடையும் வர ஆரம்பித்தது. அதை மறைக்க, வீட்டுக்குள்ளேயே காலுறை போட்டுக்கொண்டேன். அதையும் அவர் கவனிக்கவில்லை.

பக்கத்து வீட்டுப் பெண் ஒவ்வொரு பௌர்ணமிக்கும் மலை சுற்றுபவள். மாசி மாதப் பௌர்ணமி முடிந்த மறுநாள் துணி காயப் போடும்போது, சாரை அடி அண்ணாமலைக் கிராமத்தில் பார்த்த மாதிரி இருந்தது என்றாள். தலையில் துண்டு, முகத்தில் மாஸ்க், ஆனால் உட்கார்ந்திருந்த தோரணை சார் மாதிரியே இருந்ததாம். என்ன செய்துகொண்டிருந்தார் என்று கேட்டேன். சொல்லத் தயங்கினாள். “காலு கழுவிகினு இருந்தாருங்க. நடந்து வர்றவங்களுக்கு.” சொல்லிவிட்டு, வேறு யாராவது இருக்கும், சாராவது அப்படிச் செய்வதாவது என்று அவளே தன் பேச்சைத் துடைத்துக்கொண்டாள்.

எனக்குச் சிரிப்பும் வரவில்லை, கோபமும் வரவில்லை. முதலில் பேசின்தான் ஞாபகம் வந்தது. ஊரில் உள்ள கால் எல்லாம் என் முறுக்கு பேசினிலா?

அந்த வாரமே எங்கள் வேதக் கோயிலில் பேச்சு தொடங்கிவிட்டது. பூசை முடிந்து வெளியே வரும்போது, கோயில் நிர்வாகம் பார்க்கும் பங்குப் பேரவையில் இருக்கும் அம்மா ஒருத்தி என்னைத் தனியாக அழைத்து, உங்க வீட்டுக்காரர் கிரிவலம் போகிறாராமே, விசுவாசத்தில் ஏதாவது தளர்ச்சியா என்று அக்கறையாக விசாரித்தாள். அந்த அக்கறை எனக்குத் தெரியும். அடுத்த பேரவைத் தேர்தலில் இவர் நிற்பாரோ என்ற பயம் அதில் பாதி. எனக்கே அப்படி ஒரு எண்ணம் ஓடியது. தாழ்மையானவர் என்று பெயர் வாங்கி, செயலாளர் பதவிக்கு வரப் பார்க்கிறாரோ? ஆனால் பதவிக்கு அலைகிறவர் நம் ஆட்களின் காலையல்லவா கழுவ வேண்டும்? முகத்தை மறைத்துக்கொண்டு, ஓட்டே இல்லாத இடத்தில் போய்க் கழுவுவானேன்? சரி, மதம் பரப்பப் போகிறாரா? அதுவும் பயமாக இருந்தது. இந்த ஊரில் அண்ணாமலையாரைச் சுற்ற வருகிறவர்களிடம் போய் ஒரு துண்டுப் பிரசுரத்தை நீட்டினால் என்ன ஆகும்? நாளைக்கு நான் எந்த முகத்தோடு தெருவில் முறுக்குத் தட்டு கொண்டுபோவேன்? பையை மறுபடியும் கொட்டிப் பார்த்தேன். ஒரு காகிதம் இல்லை. சிலுவை மாலையைக்கூடக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டுத்தான் போகிறார்.

இது எங்கே தொடங்கியது என்று பின்னால் போய்ப் பார்த்தேன். போன வருஷத்துப் பெரிய வியாழன்.

பெரிய வியாழன் சாயங்காலப் பூசையில் சாமியார் பன்னிரண்டு பேரின் பாதங்களைக் கழுவுவார். சிலுவையில் பாடுபடுவதற்கு முந்தின இரவு ஆண்டவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு சீடர்களின் கால்களைக் கழுவினார் அல்லவா, அதன் நினைவாக. எல்லாப் பங்கிலும் நடப்பதுதான். ஆனால் எங்கள் பங்கில் அந்தப் பன்னிரண்டு பேரும் அழுக்குக் காலோடு வந்து உட்கார மாட்டார்கள். பூசையில் பெயர் படித்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்தே வீடுகளில் வேலை நடக்கும். நகம் வெட்டி, வெடிப்பு தேய்த்து, எண்ணெய் தடவி, சோப்புப் போட்டு, கடைசியில் பவுடரும் பூசி, புதுச் செருப்பில் காரிலோ ஆட்டோவிலோ கூட்டிவருவார்கள். வாசலில் இறங்கி மண்ணில் கால் படாமல் நடப்பார்கள். சாமியார் ஊற்றுகிற தண்ணீர் எவ்வளவு சுத்தமாக விழுகிறதோ அவ்வளவு சுத்தமாகவே கிண்ணத்தில் நிற்கும். துடைக்கும் துண்டில் பவுடர்தான் ஒட்டும். இதில் யாருக்கும் ஒரு வித்தியாசமும் தெரிந்ததில்லை. சாமியார் கையில் அழுக்குக் காலைக் கொடுப்பதா என்பதுதான் எங்கள் மரியாதை.

போன வருஷம் அந்தப் பன்னிரண்டில் இவரும் ஒருவர். முதல் நாள் சாயங்காலம் இவரை நாற்காலியில் உட்கார வைத்து, வெந்நீரில் காலை ஊற வைத்து, கல்லால் குதிகாலைத் தேய்த்தது நான்தான். வேறு அகலப் பாத்திரம் இல்லாததால் அந்த பேசினிலேயே ஊற வைத்தேன். பிறகு புளி போட்டுத் தேய்த்தேன், அது வேறு விஷயம். இவர் பேப்பர் படித்துக்கொண்டே ஒரு கால் முடிந்ததும் அடுத்த காலை நீட்டினார். மறுநாள் கோயிலில், அந்த இளவயதுச் சாமியார் முட்டிபோட்டு இவர் பாதத்தைக் கழுவி, துடைத்து, குனிந்து முத்தம் வைத்தபோது இவர் கண்ணில் தண்ணீர் நின்றதை நான் பெண்கள் பக்கத்திலிருந்து பார்த்தேன். வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை. பிரஷர் ஏறிவிட்டதோ என்று பயந்தேன். அதற்கடுத்த சித்திரைப் பௌர்ணமியிலிருந்துதான் பேசின் காணாமல் போகத் தொடங்கியிருக்கிறது.

கணக்கு இந்த இடத்தில் எனக்குக் கசந்தது. ஒருவர் கழுவியதற்கு அழுதார். அதற்கு முந்தின நாள் கழுவியவளுக்குப் பேப்பரைத் திருப்பினார்.

இந்த வருஷம் பங்குனிப் பௌர்ணமியும் பெரிய வியாழனும் அடுத்தடுத்த நாளில் வந்தன. புதன்கிழமை மத்தியானம் இவர் பேசினைத் துணிப்பையில் சுற்றிக்கொண்டு செபம் என்று கிளம்பினார். புனித வாரத்தில் பொய் சொல்கிறோமே என்ற கூச்சம்கூட முகத்தில் இல்லை. நான் கொஞ்ச நேரம் கழித்து ஆட்டோ பிடித்தேன். கையும் களவுமாகப் பிடித்து, எதற்கு இந்த வேஷம் என்று நாலு பேர் நடுவில் கேட்டுவிட வேண்டும் என்றுதான் போனேன். சத்தியமாக வேறு எண்ணம் இல்லை.

கிரிவலப் பாதையில் அன்று வண்டி விட மாட்டார்கள். ஆட்டோக்காரர் ஒரு குறுக்குச் சாலை முனையில் இறக்கிவிட்டார். அங்கிருந்து கூட்டத்தோடு நடந்தேன். எல்லாரும் வெறுங்காலில், நான் மட்டும் செருப்பில். வெயில் சாய்ந்தும் தார் ஆறவில்லை. என் வலது காலுறைக்குள் ஈரம் பரவுவது தெரிந்தது. வலி தெரியவில்லை. டாக்டரம்மாவின் முகம்தான் கண்முன் வந்து வந்து போனது. அடி அண்ணாமலையில் ஒரு வீட்டு முன்னால் டீக்கடை, அதன் பக்கத்தில் குழாய், குழாயருகே செங்கல் மேல் நீளப் பலகை. பலகையில் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் முன்னால், தாழ்வான ஒரு முக்காலியில், தலைத்துண்டும் முகக் கவசமுமாக என் வீட்டு நாற்காலி மனிதர்.

உடனே போய்க் கேட்டிருக்கலாம். டீக்கடையில் நின்றுகொண்டேன். கடைக்காரப் பெண்ணிடம், யார் அவர் என்று தெரியாதவள் போல விசாரித்தேன். பின்னால் உள்ள நிலத்தில் கத்திரிக்காயும் கேழ்வரகும் போடுகிற வீடு அது, பௌர்ணமிக்குப் பௌர்ணமி டீக்கடை. டீயை ஆற்றிக்கொண்டே சொன்னாள்.

“மொதல்ல எங்களுக்கும் சந்தேகந்தாம்மா. எங்க வூட்டுக்காரரு ரெண்டு மூணு மாசம் பின்னாலயே நின்னு பாத்துகினு இருந்தாரு. ஏதாவது புக்கு கிக்கு குடுக்கறாரா, மந்திரம் சொல்றாரான்னு. ஒண்ணும் இல்ல. கழுவறாரு, தொடைக்கறாரு, போறாரு. அப்புறந்தான் நாங்க பலகை போட்டுக் குடுத்தோம்.”

முகத்தை ஏன் மூடியிருக்கிறார் என்று கேட்டேன். யாரோ வாத்தியார் என்று தோன்றுவதாகவும், ஒரு முறை தாடி வைத்த ஆள் ஒருவர் காலை நீட்டிவிட்டுக் குரலைக் கேட்டதும் சார் என்று அலறி எழுந்து, பாவம் வந்துவிட்டதென்று அழுததாகவும், அதிலிருந்து இவர் யாருடைய முகத்தையும் நிமிர்ந்து பார்ப்பதே இல்லை, தன் முகத்தையும் காட்டுவதில்லை, பேச்சும் கம்மி என்றும் சொன்னாள். கால் மட்டும்தான் அவருக்குத் தெரியும் என்றாள்.

நான் டீயைக் குடிக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் செய்வதில் ஏதாவது நடிப்பு இருக்கிறதா என்று தேடினேன். தேடினேன் என்றால், பத்திரத்தில் திருத்தம் தேடுவதுபோல வரி வரியாக. கொப்புளம் உடைந்த ஒரு கிழவரின் காலைத் தன் மடியில் வைத்துக்கொண்டார். என் பேசினில் தண்ணீர் சேறாக இருந்தது. அதைக் கொட்டிவிட்டு, எழ முடியாமல் ஒரு கையைத் தரையில் ஊன்றி எழுந்து, குழாயில் பிடித்துக்கொண்டு வந்து மறுபடி உட்கார்ந்தார். விரல் இடுக்கில் மண்ணை எடுத்தார். அவசரமே இல்லை. டீ டம்ளரை அப்படியே கீழே வைத்துவிட்டேன். வியப்பினால் அல்ல. பொறாமையால்.

பலகையில் ஒரு இடம் காலியானது. நான் போய் உட்கார்ந்தேன். முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று கேட்டால் இன்றைக்கும் நேராகப் பதில் சொல்ல முடியாது. இவருக்கு என் காலைத் தெரிகிறதா என்று பார்க்க நினைத்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். இவருடைய கால் எனக்கு ஆயிரம் காலுக்கு நடுவில் தெரியும். இடது சுண்டுவிரல் நகம் இரண்டாகப் பிளந்திருக்கும், கணுக்காலில் சைக்கிள் செயின் கிழித்த தழும்பு. என் முறை வந்தது. வலது காலை நீட்டினேன்.

தெரியவில்லை. அத்தனை வருஷம் அந்த வீட்டில் இவர் நாற்காலிக்கும் அடுப்படிக்கும் நடுவே நடந்த கால், தெரியவில்லை. காலுறையைப் பார்த்துக் கொஞ்சம் யோசித்தார், மெதுவாக உருவினார். கட்டைப் பிரித்தார். வாடை எனக்கே அடித்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் நகர்ந்து உட்கார்ந்தாள். இவர் நகரவில்லை. என் பாதத்தைத் தூக்கி, தலையைச் சாய்த்து, அடியைப் பார்த்தார். கை நின்றது. தலை நிமிரவில்லை.

“சுகர் இருக்குதாம்மா?” என்றார். அந்தக் குரலில் அவர் என்னிடம் பேசி எனக்கு ஞாபகமில்லை. “இது சாதாரணப் புண்ணு இல்லம்மா. தெனமும் ஒருத்தர் பாக்கணும். வீட்ல யார்னா பாக்கறாங்களா?”

பேசக் கூடாது என்றுதான் உட்கார்ந்திருந்தேன். வாய் கேட்கவில்லை.

“பாக்க ஆள் இல்லீங்க.”

என் பாதம் அவர் உள்ளங்கையில்தான் இருந்தது. அந்தக் கை சட்டென்று இறுகியது எனக்கு நன்றாகத் தெரிந்தது. காலுக்கு உணர்ச்சி போய்விட்டது என்று டாக்டரம்மா சொன்னது முழுக்க உண்மையில்லை. மெதுவாக நிமிர்ந்தார். முகக் கவசத்துக்கு மேலே இரண்டு கண் மட்டும் தெரிந்தது. நாலு பேர் நடுவில் கேட்பதற்கு நான் தயார் செய்துகொண்டு போன கேள்வி ஒன்றும் வரவில்லை. பின்னால் நின்ற ஒருவர், ஐயா சீக்கிரம் என்றார். இவர் எழுந்து போய்ப் புதுத் தண்ணீர் பிடித்து வந்தார். கழுவினார். பஞ்சால் ஒற்றினார். கட்டுப் போட்டார், ரொம்ப இறுக்கமாக. பிறகு பலகையில் காத்திருந்தவர்களிடம் கையெடுத்துக் கும்பிட்டு, இன்றைக்கு இவ்வளவுதான் என்று சைகை காட்டிவிட்டு, பேசினைத் துணிப்பையில் சுற்றினார்.

வயல் வழியாகப் போகும் மண்பாதையில் ஸ்கூட்டரை நிறுத்தியிருந்தார். அது வரை என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். வழியில்தான் கேட்டேன், ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று. நல்லதை மறைவாகச் செய்ய வேண்டும் என்று சாமியார் பிரசங்கத்தில் சொன்னார் என்று ஆரம்பித்தார். நான் நின்றுவிட்டேன். பிரசங்கத்தை வைத்து என்னிடம் தப்பிக்க முடியாது என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். துணிப்பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, “சொன்னா, வீட்ல ஏன் செய்யலன்னு நீ கேப்ப” என்றார். அவர் என்னிடம் பேசிய வார்த்தைகளில், சந்தேகப்பட ஒன்றும் கிடைக்காத வார்த்தை அதுதான்.

மறுநாள் காலையிலேயே டாக்டரம்மாவிடம் போனோம். திட்டினார். ஊசி, மாத்திரை, விரல் தப்புமா என்பது இரண்டு மூன்று வாரத்தில் தெரியும், தினமும் யார் பார்ப்பது என்று கேட்டார். இவர் பள்ளிப் பிள்ளை மாதிரி கையைத் தூக்கினார்.

அன்று சாயங்காலம் பெரிய வியாழன். பன்னிரண்டு பேரில் ஒருவருக்குக் காய்ச்சல், அவருக்குப் பதிலாக இவரைக் கடைசி நேரத்தில் உட்காரச் சொன்னார்கள். ஆஸ்பத்திரி அலைச்சலில் நான் கல்லையும் எடுக்கவில்லை, வெந்நீரும் வைக்கவில்லை. இவரும் ஒன்றும் செய்துகொள்ளவில்லை. பதினொரு பவுடர் கால்களுக்குப் பக்கத்தில், முந்தின நாள் கிரிவலப் பாதையின் சேறு இன்னும் வெடிப்பில் காய்ந்திருக்க, இவருடைய கால். சாமியார் தண்ணீர் ஊற்றினார். கிண்ணத்தில் தண்ணீர் கலங்கியது. பெண்கள் பக்கத்தில் தலைகள் திரும்பி என்னைப் பார்த்தன, வீட்டில் என்ன செய்கிறாள் இவள் என்று. பேரவை அம்மா உதட்டைப் பிதுக்கினாள். சாமியார் ஒரு நிமிஷம் நிறுத்தி, பிறகு சட்டைக் கையை மேலே ஏற்றிவிட்டுக்கொண்டு, விரலால் தேய்க்கத் தொடங்கினார். நிஜமாகவே கழுவ வேண்டியிருந்தது அவருக்கு. வேண்டுமென்றே அப்படி வந்தீர்களா என்று வீட்டில் கேட்டேன். மறந்துவிட்டேன் என்றார். நான் நம்பினேன் என்று சொல்ல மாட்டேன். நம்பவில்லை என்றும் சொல்ல மாட்டேன்.

ஈஸ்டர் முடிந்ததும் நிறுத்திவிடுவார் என்று எதிர்பார்த்தேன். ஒவ்வொரு நாள் காலையிலும், இன்றைக்கு மறந்துவிடுவார் பார், என்று படுக்கையிலேயே கண்ணை மூடிக்கொண்டு காத்திருப்பேன். பேசினைத் தரையில் வைக்கும் சத்தம் கேட்கும். முதல் வாரம் கட்டை இறுக்கிவிடுவார், ஆடாதே என்று வகுப்பில் அதட்டுவதுபோல அதட்டுவார். எனக்கும் கோபம் வரும், வேண்டாம் நானே செய்துகொள்கிறேன் என்று காலை இழுத்துக்கொள்வேன். இழுத்த காலை அவர் மறுபடி கேட்கும்வரை கொடுக்க மாட்டேன். கேட்பார். நடுவில் ஒரு முறை மறந்தேபோனார். மத்தியானம் ஞாபகம் வந்து, சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு எழுந்து வந்தார். டம்ளரை இன்னும் நான்தான் கழுவுகிறேன். அதில் ஒரு மாற்றமும் இல்லை. முறுக்கு மாவுக்கு வேறு பேசின் வாங்கிவிட்டேன்.

விரல் தப்பியது. புண் மூடி, இளஞ்சிவப்பாகத் தோல் வந்துவிட்டது என்று டாக்டரம்மா சொன்னார். இனிமேல் கட்டு வேண்டாம், ஆனால் பார்ப்பதை நிறுத்த வேண்டாம் என்றார். அன்றைக்கு மறுநாள் காலையில் இவர் வருகிறாரா என்று பார்த்தேன். வந்தார். முட்டியைப் பிடித்துக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்தார். அவர் தலை உச்சியில் முடி இவ்வளவு கொட்டியிருப்பதை அப்போதுதான் பார்த்தேன். நாற்காலியில் இருப்பவரின் தலை உச்சி நமக்கு எங்கே தெரிகிறது?

எனக்கு உள்ளே அரித்துக்கொண்டே இருந்ததைக் கேட்டுவிட்டேன். இது எனக்காகவா, மோட்சத்துக்காகவா? அங்கே பௌர்ணமிக்குப் பௌர்ணமி சந்தோஷமாகச் செய்தவர், இங்கே செய்யும்போது மட்டும் ஏன் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொள்கிறீர்கள் என்றும் கேட்டேன். அவர் தண்ணீரைக் கையால் அளைந்துகொண்டிருந்தார்.

“அங்க சுலபம்,” என்றார். “கழுவினதும் எழுந்து போயிடறாங்க.”

ஆண்டவர் பெயரால் எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன். தாழ்மையைப் பற்றி இவ்வளவு வெட்கத்தோடு யாரும் சொல்லிக் கேட்டதில்லை. நான் எழுந்து போகவில்லை. வலது காலை அவர் துடைத்து முடித்ததும், புண்ணே இல்லாத இடது காலையும் நீட்டினேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை.